சொந்த ஊரு, படிக்கிற ஊரு, பொழைக்கிற ஊரு - வரி எந்த ஊருக்கு?

நம்ம மக்கள் ரெண்டு பேர் புதுசா சந்திச்சா முதல் கேள்வி "சொந்த ஊரு எது?" தான். அடுத்தது "இப்ப எங்க இருக்கீங்க?" இந்த ரெண்டு கேள்விக்கும் ரெண்டு விதமான பதில் இருக்கும்னு நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனா அமெரிக்காவுல இந்த ரெண்டு கேள்வியையும் மாநில அரசாங்கம் கேட்கும். பதிலைப் பொறுத்து பில் வரும் :-)

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 நெருங்க நெருங்க, இங்கே படிக்க வந்திருக்கும் நம்ம பசங்ககிட்டேர்ந்து எனக்கு ஒரே மாதிரி கேள்வி வரும். "அண்ணா, காலேஜ் ஒரு ஸ்டேட்ல. சம்மர் இன்டர்ன்ஷிப் வேற ஸ்டேட்ல. ரெண்டு டபிள்யூ-2 கையில இருக்கு. யாருக்கு வரி கட்டணும்?" எப்படி ஃபைல் பண்றதுன்னு சொல்ல ஆயிரம் பக்கங்கள் இருக்கு. எனக்கு வேற கேள்வி. இந்த விதியை யார், எப்போ, எதுக்காகப் போட்டாங்க? பொட்டி தட்டுற நேரம் போக மிச்ச நேரத்துல பழைய சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பிச்சேன். எல்லாமே இலவசமா கிடைக்குது. சினிமா தோத்துடும் போங்க. படிச்சதுல புரிஞ்சதைத்தான் இங்கே எழுதறேன்.

முதல்ல நம்ம ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இந்தியாவுல சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசோட சமாச்சாரம். மாநிலங்களுக்கு விவசாய வருமானம் மேல வரி போடுற உரிமை மட்டும்தான். தொழில் வரின்னு ஒண்ணு பிடிப்பாங்க, அதுவும் வருஷத்துக்கு 2500 ரூபாய்க்கு மேல போகக்கூடாதுன்னு அரசியல் சட்டமே சொல்லுது. அதனால கோயம்புத்தூர் பையன் பெங்களூர்ல வேலை பார்த்தா, "என் வருமானம் தமிழ்நாட்டுக்கா கர்நாடகாவுக்கா"ன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவுல அப்படி இல்லை. மத்திய அரசுக்கு ஒரு ரிட்டர்ன், மாநிலத்துக்கு ஒரு ரிட்டர்ன். 50 மாநிலத்துல 41 மாநிலங்கள் சம்பளத்துக்கு வரி போடுது. டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் மாதிரி 9 மாநிலங்கள் போடுறதில்லை.

1911: விஸ்கான்சின் ஆரம்பிச்சு வச்சது

19ஆம் நூற்றாண்டுலேயே சில மாநிலங்கள் வருமான வரி போட்டுப் பார்த்து கையைச் சுட்டுக்கிட்டாங்க. உள்ளூர்ல தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி, தன் ஓட்டர்கிட்டயே போய் "உன் வருமானம் எவ்வளவு"ன்னு கேட்கணும். அவர் சொல்றதுதான் கணக்கு. எங்கேர்ந்து வசூல் ஆகும்?

விஸ்கான்சின் 1911ல இதை மாத்துச்சு. மாநில அளவுல தனி அதிகாரிகளை நியமிச்சாங்க. வரி 1 சதவீதத்துல ஆரம்பிச்சு 6 சதவீதம் வரைக்கும். தனியாளுக்கு முதல் 800 டாலருக்கும், தம்பதிக்கு 1200 டாலருக்கும் விலக்கு. மத்திய அரசுக்கு வருமான வரி போட உரிமை கொடுத்த 16ஆவது திருத்தம் வந்தது 1913ல. அதாவது இந்த விஷயத்துல மாநிலம் முந்திக்கிச்சு. இன்னொரு முக்கியமான சங்கதி, வசூலான பணத்துல 70 சதவீதம் நகரத்துக்கும் கிராமத்துக்கும், 20 சதவீதம் கவுண்டிக்கும், மிச்சம் 10தான் மாநிலத்துக்கு. ஆக, பணம் "எந்த ஊரோடது" என்கிற கேள்வி முதல் நாள்லேர்ந்தே இந்த வரிக்குள்ள உட்கார்ந்திருக்கு.

விஸ்கான்சின் ஜெயிச்சதைப் பார்த்து மத்தவங்களும் வந்தாங்க. ஓக்லஹோமா 1915, மசாசூசெட்ஸ் 1916, நியூயார்க் 1919. உடனே பிரச்சினையும் வந்துச்சு. ஒரு மாநிலத்துல குடியிருந்து இன்னொரு மாநிலத்துல சம்பாதிக்கிறவனை என்ன பண்றது?

1920 மார்ச் 1: ஒரே நாள், ரெண்டு தீர்ப்பு

என்னைக் கேட்டா, இன்னைக்கு ஒரு இன்டர்ன் நிரப்புற ஒவ்வொரு மாநில ஃபார்முக்கும் பிறந்த நாள் 1920 மார்ச் 1தான்.

முதல் வழக்கு ஷாஃபர் எதிர் கார்ட்டர். ஷாஃபர் சிகாகோ ஆளு. எண்ணெய்க் கிணறு எல்லாம் ஓக்லஹோமாவுல. "நான் உங்க மாநிலத்துக்காரனே இல்லை, எங்கிட்ட எப்படி வருமான வரி கேட்கலாம்?"னு கேட்டார். கோர்ட் ஒத்துக்கலை. நீதிபதி பிட்னி எழுதின தீர்ப்போட சாரம் இதுதான்: நீ சம்பாதிக்கிற இடத்துல சட்டம் ஒழுங்கைக் காப்பாத்தறது அந்த மாநிலம். அந்தப் பாதுகாப்புல பணம் பண்ணினவன், அந்தச் செலவுல பங்கு தரணும்.

ரெண்டாவது வழக்கு டிராவிஸ் எதிர் யேல் அண்ட் டவுன். யேல் பூட்டு தெரியுமில்ல, அதே கம்பெனிதான். கனெக்டிகட் கம்பெனி, நியூயார்க்ல ஆபீஸ். அங்கே வேலை பார்த்தவங்க சிலர் கனெக்டிகட்லேர்ந்தும் நியூஜெர்சியிலேர்ந்தும் தினமும் ரயிலேறி வர்றவங்க. நியூயார்க் 1919 சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, வெளியாள் சம்பளத்துல வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் கம்பெனி கொடுக்கணும். உள்ளூர்க்காரனுக்கு 1000 டாலர் (கல்யாணம் ஆனவனுக்கு 2000) விலக்கு உண்டு, வெளியாளுக்கு அது கிடையாது.

இதுக்கு வந்த பதில் பாதிக்குப் பாதி. வரி போடலாம், சம்பளத்துலேர்ந்து பிடிக்கவும் செய்யலாம். ஆனா உள்ளூர்க்காரனுக்குக் கொடுக்கிற விலக்கை வெளியாளுக்கு மறுக்கக் கூடாது. ஒரு மாநிலத்தோட குடிமகனை இன்னொரு மாநிலம் மாற்றாந்தாய் மாதிரி நடத்தக் கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட நாலாவது பிரிவுல இருக்குன்னு சொல்லிட்டாங்க.

ரெண்டையும் சேர்த்துப் படிங்க. "பொழைக்க வந்த ஊரு உன்கிட்ட வரி கேட்கலாம், ஆனா உன்னை வந்தேறின்னு சொல்லி ஜாஸ்தி பிடுங்கக் கூடாது." நூறு வருஷம் தாண்டியும் இதுதான் அடிப்படை. நியூஜெர்சி பொண்ணு பத்து வாரம் கலிபோர்னியாவுல இன்டர்னா இருந்துட்டு, 540என்ஆர்னு ஒரு ஃபார்ம் நிரப்புறான்னா, அவ கையைப் பிடிச்சு எழுத வைக்கிறவர் அந்த எண்ணெய்க் கிணத்து ஷாஃபர்தான்.

சொந்த ஊரும் விடாது

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. 1932ல லாரன்ஸ் வழக்கு வந்துச்சு. அவர் மிசிசிப்பிக்காரர். டென்னசியில ரோடு போட்டு சம்பாதிச்சார். வேலை நடந்தது முழுக்க வெளியூர்ல. ஆனாலும் மிசிசிப்பி வரி கேட்டுச்சு. சுப்ரீம் கோர்ட் "கேட்கலாம்"னு சொல்லிடுச்சு. ஒரு ஊரைச் சொந்த ஊரா வச்சுக்கிட்டு அதோட பலன்களை அனுபவிக்கிறவன், எங்கே சம்பாதிச்சாலும் அந்த ஊருக்குப் பங்கு தரணும்னு வாதம்.

இப்போ கணக்கு போடுங்க. பொழைக்கிற ஊரு கேட்கலாம் (1920). சொந்த ஊரும் கேட்கலாம் (1932). ஒரே சம்பளம், ரெண்டு கை நீளுது. இந்த முடிச்சை அவிழ்க்க மாநிலங்கள் தாங்களா ரெண்டு வழி கண்டுபிடிச்சாங்க.

ஒண்ணு, கழிவு. வெளியூர்ல கட்டின வரியை சொந்த ஊர் வரியில கழிச்சுக்கலாம். ரொம்ப காலம் இது மாநிலம் பெரிய மனசு பண்ணி கொடுக்கிற சலுகைன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2015ல மேரிலேண்ட் மாநிலம் தன் வரியில கவுண்டிப் பங்குக்கு மட்டும் கழிவு தர மாட்டேன்னு சொன்னப்போ, வின் வழக்குல சுப்ரீம் கோர்ட் 5-4ன்னு அதைத் தடுத்துச்சு. எதிர்த்து எழுதினவங்க லிஸ்ட்ல கின்ஸ்பர்க்கும் ஸ்காலியாவும் ஒரே பக்கம்! வழக்கமா எதிரும் புதிருமா இருக்கிற ரெண்டு பேர். விஷயம் அவ்வளவு குழப்பம்னு புரிஞ்சுக்கோங்க.

ரெண்டாவது, பக்கத்து மாநிலங்களுக்குள்ள ஒப்பந்தம். "உன் ஆளு இங்கே வேலை செஞ்சா நான் கேட்கலை, என் ஆளு அங்கே செஞ்சா நீ கேட்காதே." இல்லினாய்ஸ் இப்படி அயோவா, கென்டக்கி, மிச்சிகன், விஸ்கான்சினோட வச்சிருக்கு. இது நிரந்தரம்னு நினைக்காதீங்க. விஸ்கான்சினும் மின்னசோட்டாவும் 1968லேர்ந்து வச்சிருந்த ஒப்பந்தத்தை, பணம் கொடுக்கல் வாங்கல் தகராறுல மின்னசோட்டா 2010 ஆரம்பத்தோட முறிச்சுக்கிச்சு.

ஒரு உதாரணம் சொன்னா எல்லாம் விளங்கிடும். சிகாகோ பையன், மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ல படிக்கிறான். கேம்பஸ் லைப்ரரியில வேலை. அந்தச் சம்பளத்துக்கு ஒப்பந்தப்படி மிச்சிகனுக்கு வரி கிடையாது, இல்லினாய்ஸுக்குத்தான். கோடையில சியாட்டில்ல இன்டர்ன்ஷிப், 12,000 டாலர் சம்பளம். "வாஷிங்டன்ல வரியே இல்லை, ஜாலி"ன்னு பசங்க துள்ளுவாங்க. இல்லினாய்ஸ் விடாது. 4.95 சதவீதம், விலக்கு எதுவும் இல்லைன்னு வச்சுக்கிட்டா 594 டாலர். வாஷிங்டன்ல கட்டினது பூஜ்யம், அதனால கழிக்கவும் ஒண்ணும் இல்லை. அதே பையன் கலிபோர்னியா போயிருந்தா அங்கே ஒரு ரிட்டர்ன், வீட்டுக்கு ஒரு ரிட்டர்ன், அங்கே கட்டினதுக்கு இங்கே கழிவு. மூணு ஊரும் மூணு விதம்.

"சொந்த ஊரு எது?" - கோர்ட்டே தடுமாறின கேள்வி

சட்டத்துல இதுக்கு டொமிசைல்னு பேரு. எங்கே தங்கியிருக்கேங்கிறது இல்லை, எங்கே திரும்பிப் போற எண்ணம் இருக்குங்கிறதுதான் கணக்கு. ஒருத்தனுக்கு ஒரே ஒரு டொமிசைல்தான் இருக்க முடியும். கேட்க நல்லாத்தான் இருக்கு.

கேம்ப்பெல் சூப் கம்பெனியோட ஜான் டொரன்ஸ் கதையைக் கேளுங்க. 1930ல செத்துப் போனார். அவருக்கு நியூஜெர்சியில ஒரு வீடு, பென்சில்வேனியாவுல ஒரு பெரிய பங்களா. நியூஜெர்சிதான் என் ஊருன்னு உயிரோட இருந்தப்போ சொல்லிக்கிட்டே இருந்தார். பென்சில்வேனியா கோர்ட் "இல்லை, அவர் எங்க ஆளு"ன்னுச்சு. நியூஜெர்சி கோர்ட் "அவர் எங்க ஆளேதான்"னுச்சு. சுப்ரீம் கோர்ட் தலையிட மறுத்துடுச்சு. ரெண்டு மாநிலமும் வாரிசுரிமை வரியை வசூல் பண்ணிட்டாங்க. ஒரே டொமிசைல்தான் இருக்க முடியுங்கிற சட்டம், ஒரு மனுஷனுக்கு ரெண்டு கொடுத்துடுச்சு!

கோடீஸ்வரனுக்கே இந்தக் கதின்னா ஹாஸ்டல் பையன் எம்மாத்திரம்? மாணவர்களுக்குப் பொதுவா ஒரு விதி வச்சிருக்காங்க: படிக்கப் போனதால மட்டும் சொந்த ஊரு மாறாது. நியாயம்தான். ஆனா சில மாநிலங்கள் இன்னொரு கொக்கியும் போட்டிருக்கு. டொமிசைல் இல்லைன்னாலும், அங்கே நிலையான இருப்பிடம் வச்சுக்கிட்டு வருஷத்துல 183 நாளுக்கு மேல இருந்தா நீ எங்க ஆளுதான். இது ரெண்டு வீடு வச்சிருக்கிற பணக்காரங்களைப் பிடிக்கப் போட்ட வலை. அதுல வாடகைக்கு அபார்ட்மென்ட் எடுத்து தங்கின மாணவர்களும் மாட்டினாங்க. நியூயார்க் 2009ல விதியைத் திருத்தி, இளங்கலை படிக்கிற முழுநேர மாணவன் படிக்கிறதுக்காக எடுத்த வீடு நிலையான இருப்பிடம் ஆகாதுன்னு சொல்லுச்சு. இளங்கலை மட்டும். நம்ம பசங்க எல்லாம் எம்.எஸ்., பிஎச்.டி.ன்னு வர்றவங்க. வலையில ஓட்டை போட்டாங்க, நம்ம சைஸுக்கு இல்லை :-(

1975: ஓட்டுப் போடாதவன் மேல வரி

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கு ஆஸ்டின் எதிர் நியூ ஹாம்ப்ஷயர். நியூ ஹாம்ப்ஷயர்ல உள்ளூர்க்காரங்க சம்பளத்துக்கு வரி கிடையாது. ஆனா வெளியிலேர்ந்து வந்து வேலை செய்யறவங்களுக்கு 2000 டாலருக்கு மேல சம்பாதிச்சா 4 சதவீதம். சட்டத்தை எழுதின விதம் தந்திரமா இருக்கும். காகிதத்துல உள்ளூர்க்காரனுக்கும் வரி உண்டு, ஆனா விலக்கு மேல விலக்கு போட்டு ஒருத்தர் கூட கட்ட வேண்டாத மாதிரி பண்ணியிருந்தாங்க.

மெயின் மாநிலத்திலேர்ந்து வந்து வேலை பார்த்தவங்க கேஸ் போட்டாங்க. மாநிலம் சொன்ன பதில், "இவங்களுக்கு என்ன நஷ்டம்? இங்கே கட்டினதை மெயின் கழிச்சுக்கொடுக்குதே. மொத்தத்துல ஒரு பைசா கூட ஜாஸ்தி போகலையே." நீதிபதி தர்குட் மார்ஷல் இதை ஏத்துக்கலை. பக்கத்து மாநிலம் பெருந்தன்மையா கழிவு கொடுக்கிறதால உன் பாரபட்சம் நியாயம் ஆகிடாதுன்னார். வெளியாளுக்கு அந்த மாநிலத்துல ஓட்டு இல்லை. தன் மேல போடுற வரியைத் தட்டிக்கேட்க சட்டசபையில அவனுக்கு ஆள் இல்லை. அதனாலதான் உள்ளூர்க்காரனும் அதே பாரத்தைச் சுமக்கணும்னு சட்டம் கேட்குது. உள்ளூர்க்காரன் தலையிலும் விழுந்தாத்தான் வரி அளவோட இருக்கும்.

அது என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வச்சது. கோடைக்கு மட்டும் வந்துட்டுப் போற மாணவனுக்கும் அதே நிலைமைதானே?

வரிக்கு உள்ளூர், ஃபீஸுக்கு வெளியூர்

1971ல 18 வயசுக்காரங்களுக்கு ஓட்டுரிமை வந்ததும் "மாணவன் எந்த ஊர்க்காரன்"னு நாடு முழுக்க சண்டை. டெக்சாஸ்ல வாலர் கவுண்டியில, கறுப்பின மாணவர்கள் படிக்கிற பிரெய்ரி வியூ காலேஜ் பசங்களை ஓட்டர் லிஸ்ட்ல சேர்க்க, அந்த ஊர் அதிகாரி தனியா ஒரு கேள்வித்தாளே வச்சிருந்தார். படிச்சு முடிச்சு இங்கேயே இருப்பியா, இங்கே சொத்து இருக்கா, இப்படி. இது செல்லாதுன்னு 1979ல முடிவாச்சு. படிக்கிற ஊர்ல ஓட்டு உண்டு.

ஃபீஸ் விஷயத்துல இன்னொரு கூத்து. அரசு யுனிவர்சிட்டியில உள்ளூர் மாணவனுக்கு ஒரு கட்டணம், வெளியூர்னா பல மடங்கு. கனெக்டிகட் 1971ல ஒரு சட்டம் போட்டுச்சு: விண்ணப்பிக்கும்போது நீ வெளியூர்னா, படிப்பு முடியற வரைக்கும் வெளியூர்தான். நடுவுல அந்த ஊர்க்காரரைக் கல்யாணம் பண்ணி, அங்கேயே லைசென்ஸ், ஓட்டு எல்லாம் வாங்கின ஒரு மாணவி கேட்டும் மாட்டேன்னுட்டாங்க. 1973ல விளாண்டிஸ் எதிர் க்ளைன் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை அடிச்சுது. தான் உண்மையிலேயே உள்ளூர்தான்னு நிரூபிக்க ஒரு வாய்ப்பாவது கொடுன்னு சொன்னாங்க. வாய்ப்பு கொடுக்கச் சொன்னாங்களே தவிர, வெளியூர்க்காரனுக்கு அதிக ஃபீஸ் வாங்கறதைத் தடுக்கலை.

ஆக, ஒரே மாணவன் வரி ஆபீஸ்ல "உள்ளூர்", யுனிவர்சிட்டி ஃபீஸ் கவுண்டர்ல "வெளியூர்" என்கிற நிலைமை சட்டப்படி சாத்தியம். ரெண்டு ஆபீஸும் ஒரே மாநிலத்தோடது. ரெண்டு இடத்திலும் கொடுக்கிறவன் அவன், வாங்கறது மாநிலம்.

யாருக்கெல்லாம் விலக்கு?

ஊர் விட்டு ஊர் போறவங்களுக்குன்னு மத்திய அரசு சட்டமே போட முடியும். போட்டும் இருக்காங்க. லிஸ்ட்டைப் பாருங்க.

ராணுவ வீரர்: இரண்டாம் உலகப் போர் சமயம் 1942ல திருத்தம் வந்துச்சு. முகாம் போட்ட மாநிலம் அவர் ராணுவச் சம்பளத்துல வரி கேட்கக் கூடாது. 2009ல அவரோட வாழ்க்கைத் துணைக்கும் நீட்டிச்சாங்க.

நாடாளுமன்ற உறுப்பினர்: 1977ல தங்களுக்குத் தாங்களே போட்டுக்கிட்டாங்க! கூட்டத்தொடருக்காகத் தங்குற மாநிலம் அவங்களை உள்ளூர்க்காரரா நினைச்சு வரி கேட்கக் கூடாது.

ஓய்வூதியம் வாங்கறவர்: 1996லேர்ந்து, முன்னாடி வேலை பார்த்த மாநிலம் பென்ஷன்ல கை வைக்கக் கூடாது.

ரயில், விமான, லாரி ஊழியர்கள்: கடந்து போற ஒவ்வொரு மாநிலமும் கேட்காதபடி தனித்தனி பாதுகாப்பு.

மாணவன்? லிஸ்ட்ல இல்லை. வேலை விஷயமா குறைஞ்ச நாள் போறவங்களுக்கு வரி வேண்டாம்னு ஒரு மசோதாவை பிரதிநிதிகள் சபை 2012, 2016, 2017ன்னு மூணு தடவை நிறைவேத்திச்சு. செனட்ல தாண்டலை. தாண்டியிருந்தாலும் அதுல இருந்த வரம்பு 30 நாள். பத்து, பன்னிரண்டு வாரம் போற இன்டர்னுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் கிடையாது. கம்பெனி அனுப்புற கன்சல்டன்ட்டை மனசுல வச்சு எழுதினது அது.

எஃப்-1ல வந்த நம்ம மக்கள்

நம்ம கதை இன்னும் விசேஷம். சொந்த ஊரு திருச்சியோ திருநெல்வேலியோ. அதனால டொமிசைல் சண்டை பெரும்பாலும் கிடையாது. ஆனா பொழைக்கிற ஊரு கேட்கும், 183 நாள் கொக்கியும் சில இடங்கள்ல காத்துக்கிட்டிருக்கும்.

இதுல எல்லாரையும் குழப்புற விஷயம் ஒண்ணு. 1989ல கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்துல 21ஆவது பிரிவு நம்ம மாணவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம். மத்த நாட்டு எஃப்-1 மாணவர்கள் பெரும்பாலானவங்களுக்குக் கிடைக்காத ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் நமக்குக் கிடைக்கும். ஆனா அந்த ஒப்பந்தம் மத்திய வரிக்குத்தான். மாநிலங்கள் அதுல கையெழுத்து போடலை. அதே மாதிரி மத்திய வரிக்கு முதல் அஞ்சு காலண்டர் வருஷம் நீ "நான் ரெசிடென்ட்". மாநிலம் தன் விதிப்படி உன்னை "ரெசிடென்ட்"னு சொல்லலாம். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை.

பென்சில்வேனியா போனா இன்னும் வேடிக்கை. அங்கே எல்லாருக்கும் ஒரே சதவீதம், இப்போ 3.07. ஏறுமுகமா போட்ட வரியை அந்த மாநில கோர்ட் 1935லயே செல்லாதுன்னுடுச்சு, 1971லயும் இன்னொரு முயற்சியை அடிச்சுது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்னு ஒண்ணே கிடையாது. 33 டாலருக்கு மேல வருமானம் வந்தா ரிட்டர்ன் போடணும். 33! ஏழைகளுக்குத் தள்ளுபடி உண்டு, ஆனா பெத்தவங்களைச் சார்ந்திருக்கிற மாணவனுக்கு, பெத்தவங்களும் அந்தத் தகுதிக்குள்ள வந்தாத்தான் அது.

நான் படிச்ச இடத்துல வெளிநாட்டு மாணவர்களுக்கு வரி வகுப்பு எடுத்தாங்க. ரெண்டு மணி நேரம் மத்திய ஃபார்ம். மாநிலம்னு கேட்டதும் "அது எங்க வேலை இல்லை"ன்னு முடிச்சுட்டாங்க. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் மாநில ரிட்டர்ன் உண்டு. அதுக்கப்புறம் சீனியர் சொன்னதை ஜூனியர் செய்ய, அதை அடுத்த ஜூனியர் செய்ய, ஒரு செவிவழி மரபே உருவாகிடுச்சு.

இன்னொரு நுணுக்கம். 1920லயும் 1975லயும் வெளியாளைக் காப்பாத்தின அந்த நாலாவது பிரிவு "குடிமகன்"னு சொல்லுது. நாம குடிமக்கள் இல்லை. நமக்கு உதவணும்னா "எந்த நபரும்"னு சொல்ற 14ஆவது திருத்தத்தைத்தான் (1868) பிடிச்சுக்கணும்.

2020: எல்லாம் தலைகீழ்

கொரோனா வந்து இன்டர்ன்ஷிப் எல்லாம் வீட்டுல உட்கார்ந்து நடந்தப்போ, பொழைக்கிற ஊரு எதுன்னே தெரியாமப் போச்சு. கம்பெனி ஒரு ஊர்ல, லேப்டாப் அம்மா வீட்டு டைனிங் டேபிள்ல. பொதுவா வேலை செய்யறவன் உடம்பு எங்கே இருக்கோ அங்கேதான் வருமானம். நியூயார்க் அப்படிப் பார்க்காது. கம்பெனிக்குத் தேவைப்பட்டு வெளியே வேலை செஞ்சாத்தான் விலக்கு, உன் வசதிக்குன்னா வரி எனக்குன்னு சொல்லும். கனெக்டிகட்ல வீட்டுலேர்ந்தும் வேலை பார்த்த எட்வர்ட் ஸெலின்ஸ்கிங்கிற சட்டப் பேராசிரியரே 2003ல இதை எதிர்த்துத் தோத்திருக்கார்.

2020ல மசாசூசெட்ஸ், தன் ஊர் கம்பெனிக்கு நியூ ஹாம்ப்ஷயர்ல வீட்டுலேர்ந்து வேலை செஞ்சவங்ககிட்டயும் வரி கேட்டுச்சு. நியூ ஹாம்ப்ஷயர் கேஸ் போட்டுச்சு. ஆமா, 1975ல வெளியாள்கிட்ட மட்டும் வரி பிடுங்கி மாட்டின அதே மாநிலம்! 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் கேஸையே எடுத்துக்க மறுத்துடுச்சு.

கடைசியா என்ன சொல்ல வர்றேன்?

நூறு வருஷ தீர்ப்புகளைப் படிச்சதுல எனக்குப் பட்டது ஒண்ணுதான். இந்தச் சட்டத்துக்கு சொந்த ஊரு தெரியும், பொழைக்கிற ஊரு தெரியும். படிக்கிற ஊருன்னு ஒண்ணு இருக்கிறது தெரியாது. ஷாஃபருக்கும் லாரன்ஸுக்கும் தொழில் இருந்துச்சு, வக்கீல் இருந்தாங்க. டொரன்ஸுக்கு ரெண்டு மாளிகை. ராணுவத்துக்காகவும் பென்ஷன்காரருக்காகவும் பேச ஆளிருந்தது. நாலு வருஷத்துல ஊரைக் காலி பண்ணிட்டுப் போற மாணவனுக்காக யாரும் கோர்ட் ஏறலை. 300 டாலர் வரிக்கு எவன் கேஸ் போடுவான்? கட்டிட்டுப் போவான், இல்லைன்னா திரும்ப வர வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுட்டுப் போவான்.

மாணவனுக்கு வரியே வேண்டாம்னு நான் சொல்லலை. பிட்னி 1920ல சொன்னது எனக்கு நியாயமாத்தான் படுது. அந்த ஊரு ரோடு, போலீஸ், தண்ணி எல்லாம் அவனும் உபயோகிக்கிறான். ஆனா அதே நியாயம் திரும்பவும் பாயணும் இல்லையா? பங்கு கொடுக்கும்போது எங்க ஆளுன்னு சொல்ற மாநிலம், ஃபீஸ் வாங்கும்போதும் அதை ஞாபகம் வச்சுக்கணும். ஒரு கோடைக்கால சம்பளத்துக்கு மூணு ஃபார்ம் நிரப்ப வைக்கிறதுக்குப் பதிலா, மாணவனுக்குன்னு ஒரு வரம்பு வச்சு சொந்த ஊர்ல மட்டும் கணக்கு முடிக்கச் சொல்லலாம். எம்.பி.க்களுக்கு 1977ல முடிஞ்சது மாணவனுக்கு ஏன் முடியாது?

உங்க அனுபவம் வேற மாதிரி இருந்தா சொல்லுங்க மக்களே. முக்கியமா மூணு ஸ்டேட் ரிட்டர்ன் போட்ட புண்ணியவான்கள் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க :-)

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லை, வக்கீலும் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு ஃபார்ம் நிரப்பாதீங்க. விகிதமும் விதியும் வருஷா வருஷம் மாறும், அந்தந்த மாநில வரித்துறை வெளியிடுற குறிப்பைப் பார்த்துக்கோங்க. வரலாறு மட்டும்தான் நம்ம ஏரியா.